கஞ்சாவுக்கு அனுமதி: பேச்சும் சட்டமும்

அண்டை நாடான தாய்லாந்தில் கஞ்சா கடையில் விற்கப்படுகிறதே, இங்கு மட்டும் ஏன் இத்துணைக் கடுமை என்னும் கேள்வி நம் தோட்டத்து இளைஞரிடையேயும் எழுகின்றது. கேட்பதில் தவறில்லை. ஆயின், விடையைச் சரிவர அறியாமல் எல்லை கடந்து திரும்புவோர் தம் வாழ்வையே இழக்க நேரிடும். ஆகவே இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

அனுமதி என்னும் ஒரே சொல்லால் இரு வேறு செயல்களைக் குறித்து வருகிறோம். ஒன்று, விற்பனையையே சட்டம் ஏற்பது. 2013இல் உருகுவே இவ்வழியில் முதன்முதல் சென்றது. 2018இல் கனடா தொடர்ந்தது. மற்றொன்று, விற்பவரைத் தண்டித்து, தம் உபயோகத்திற்கெனச் சிறிதளவு வைத்திருப்பவரைச் சிறைக்கு அனுப்பாதிருப்பது. போர்த்துகல் 2001 முதல் இவ்வாறு செய்து வருகிறது. அங்கே போதைப்பொருள் இன்றும் தடை செய்யப்பட்டதே. பிடிபட்டவர் நீதிமன்றத்திற்குப் பதிலாக ஓர் ஆலோசனைக் குழுவின் முன் நிறுத்தப்படுகிறார்.

தாய்லாந்தோ 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலினின்று நீக்கியது. கடைகள் பெருகின. மூன்றே ஆண்டுகளில், 2025 ஜூனில், மருத்துவர் சீட்டின்றிக் கஞ்சாப் பூ விற்கலாகாது என அவ்வரசே கட்டுப்பாடு விதித்தது.

தடை செய்தால் வாணிபம் கும்பல்களின் கைக்குப் போகிறது, சிறைகள் நிரம்புகின்றன என்பது அனுமதி கோருவோர் வாதம். இதனை முற்றிலும் புறந்தள்ள இயலாது. எனினும், சட்டப்படியான போதை விற்பனையை இந்நாடு முன்பே கண்டிருக்கிறது. நீரிணைக் குடியேற்றங்களில் சண்டு எனப்படும் அபினி வாணிபத்தை 1910இல் ஆங்கில அரசே ஏற்று நடத்தியது. சில ஆண்டுகளில் அரசு வருமானத்தில் ஏறக்குறையப் பாதி அபினியிலிருந்தே வந்தது. அத்தகைய வருமானத்தை எந்த அரசுதான் எளிதில் விடும்? அபினியை அறவே தடுக்கும் முடிவு 1943இல்தான் அறிவிக்கப்பட்டது.

நம்மவர் கண்டது கள்ளுக்கடை. தோட்டந்தோறும் உரிமம் பெற்றே அது நடந்தது. சம்பள நாளன்று கூலி எங்கே போயிற்று என்பதை லயத்துப் பெண்களைக் கேட்டால் தெரியும். உரிமக் கடை இருந்தும் கள்ளச் சம்சு ஒழியவில்லை என்பதையும் இங்கே நினைவிற் கொள்க. 1947இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் செய்தனர். அவர்களை அரசு தூண்டவில்லை. தம் குடும்பங்களின் நிலை கண்டே எழுந்தனர்.

ஆதலின் விற்பனைக்கு அனுமதி என்பதை நாம் ஏற்பதற்கில்லை. அதே வேளையில், தண்டனை ஒன்றே மருந்தாகாது என்பதையும் அனுபவம் உணர்த்தியுள்ளது. 1983இல் கடத்தலுக்கு மரண தண்டனை கட்டாயமாக்கப்பட்டது, போதைப்பொருள் மறையவில்லை. 2005இல் ஹெராயின் அடிமைகளுக்கு மெத்தடோன் சிகிச்சை தொடங்கப்பட்டது. 2023இல் கட்டாய மரண தண்டனை நீங்கியது. இன்று நீதிபதி மரண தண்டனையோ, நீண்ட சிறையும் பிரம்படியுமோ விதிக்கலாம்.

இளைஞர் கருத்திற் கொள்ள வேண்டியது வேறொன்று. 200 கிராம் கஞ்சாவோ 15 கிராம் ஹெராயினோ ஒருவரிடம் இருப்பின், அவர் கடத்தல்காரர் எனச் சட்டம் அனுமானிக்கும். அவ்வாறில்லை என மெய்ப்பிப்பது அவர் பொறுப்பு. நண்பன் தந்த பொட்டலம் என்பது எளிதில் எடுபடும் பதிலன்று. குறைந்த அளவாயினும் குற்றமே. அக்கரையில் புகைத்து வந்தவரும், இங்கே சிறுநீர்ச் சோதனையில் அகப்பட்டால் வழக்கைச் சந்திக்க நேரலாம்.

பழக்கத்திற்கு ஆளானோர் தாமே முன்வந்து சிகிச்சை பெறவும் சட்டம் வழி செய்துள்ளது. தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் இதற்கு விண்ணப்பிக்கலாம். தனியே செல்ல மகன் தயங்குவானாயின், ஒருநாள் வேலையை விட்டேனும் பெற்றோர் உடன் செல்வது நலம்.