வளைகாப்புக்கு வீட்டை வெள்ளையடிக்கும் முன்



ஏழாம் மாதம் வளைகாப்பு என்று நாள் குறித்ததுமே, "நாலு பேர் வந்து போற இடம், சுவரு இப்படிக் கரிப்பிடிச்சுக் கிடக்கே" என்ற பேச்சு வீட்டில் எழும். வெள்ளையடிப்பது நல்ல காரியம்தான். ஆனால் எந்த வேலையை யார் செய்வது, எதை எப்போது செய்வது என்பதைக் கணவனும் மனைவியும் முன்னாடியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் சமையலறை. புகைக்கரியின் மேல் அப்படியே சுண்ணாம்பு அடித்தால், சில நாளில் பழுப்புக் கறை மேலே ஊறி வந்துவிடும். துடைப்பத்தால் கரியைத் தட்டி, சலவை சோடா கரைத்த வெந்நீரால் தேய்த்துக் கழுவுங்கள். தாளிக்கும் இடத்து எண்ணெய்ப் பிசுக்கு ஒரு தடவையில் போகாது. சுவரில் இவ்வளவு கரி என்றால் சமைக்கிறவள் நெஞ்சுக்குள் எவ்வளவு போயிருக்கும்? கையோடு கையாகப் புகை போக ஒரு வழியும் திறந்து விடுங்கள்.

உப்புப் பூத்த சுவரைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். உப்பு கரைந்து மறுபடி உள்ளேயே போகும். காய்ந்த நிலையில் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க வேண்டும். ஈரம் வரும் இடத்தை அடைக்காமல் எண்ணெய் பெயின்ட் பூசினால் கொப்புளித்து உரியும். அதற்குச் சுண்ணாம்புதான் பொருத்தம்.

கல் சுண்ணாம்பைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். கல்லின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் ஆகாது. ஒரு நாளாவது ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, சுவரை நனைத்துக்கொண்டு மெல்லிசாக இரண்டு தடவை அடியுங்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் கசக்கக் கூடாது. தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் விடாதீர்கள். இமையை விரித்துப் பிடித்து, நல்ல தண்ணீரை 20 நிமிஷத்துக்குக் குறையாமல் ஊற்றி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கண் பார்வையே போய்விடக் கூடிய விஷயம் இது.

இனி, பழைய ஜன்னலும் கதவும். இவைதான் எல்லாவற்றிலும் ஆபத்து. அந்தக் காலத்துப் பெயின்ட்டில், முக்கியமாக மஞ்சள், சிவப்பு, பச்சையில், ஈயம் கலந்திருக்கலாம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உப்புத்தாளால் வறட்டுத் தேய்ப்பு தேய்த்தால் அந்தத் தூசி மூச்சிலும் சோற்றிலும் சேரும். கர்ப்பிணியின் ரத்தத்தில் ஏறிய ஈயம் வயிற்றுப் பிள்ளைக்கும் போகிறது. தவழும் குழந்தை உரிந்த சில்லைப் பொறுக்கி வாயில் போடும். மூளை வளர்ச்சி கெடும், ரத்தசோகை வரும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

"நானும் கொஞ்சம் தேய்ச்சுத் தரேன்" என்று மனைவி வந்தாலும் கணவன் விடக் கூடாது. பெயின்ட் உரியாமல் கெட்டியாக இருந்தால் சுரண்டவே வேண்டாம். சோப்புத் தண்ணீரால் துடைத்து மேலேயே பூசலாம். உரிந்திருந்தால் கீழே சாக்கு விரித்து, தண்ணீர் தெளித்துக்கொண்டே வாட்டர் பேப்பரால் தேய்க்க வேண்டும். நெருப்பு காட்டி உரிக்காதீர்கள். சில்லுகளை அடுப்பிலோ மாடு மேயும் இடத்திலோ கொட்டாதீர்கள். பையில் கட்டிக் குப்பைக்காரரிடம் சொல்லிக் கொடுங்கள். வேலை முடித்தவர் குளித்து, துணி மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்கலாம். பிள்ளை சில்லைத் தின்றிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

வளைகாப்புக்கு ஜன்னல் பளபளக்காவிட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். மனைவி தாய்வீட்டுக்குப் போன பிறகு அந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையோடு அவள் திரும்பும் முன், தரையையும் ஜன்னல் விளிம்பையும் ஈரத்துணியால் இரண்டு மூன்று தடவை துடைத்து, பெயின்ட் வாசனை போகும்வரை கதவைத் திறந்து வையுங்கள்.