பாடம் 7: நூலகப் பதிவேட்டில் உங்கள் பெயர்

இப்பாடத்தை முடிக்கும்போது நீங்கள் அறிந்திருக்க வேண்டியவை: பொது நூலகம் யாருடையது, அதில் அங்கத்தவராவது எப்படி, மீளக் குடியேறிய ஒரு குடும்பம் அதனிடம் எவற்றைக் கேட்டுப் பெறலாம், தமிழ் நூல்கள் இல்லாவிட்டால் என்ன செய்யலாம்.

ஏன் நூலகத்தைப் பற்றி ஒரு பாடம்?

ஊர் திரும்பிய முதல் மாதங்களில் நீங்கள் ஏறி இறங்காத அலுவலகம் இருக்காது. கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம், பாடசாலை, வைத்தியசாலை, வங்கி என்று போகும் இடமெல்லாம் ஒரு கடதாசி கேட்பார்கள். அந்தக் கடதாசியைப் பெற இன்னொரு கடதாசி வேண்டியிருக்கும். இந்த அலைச்சலுக்கிடையில், "கூரைக்கே தகரம் இல்லை, புத்தகம் எதற்கு?" என்று கேட்பது நியாயமே.

ஆனாலும், ஒன்றைக் கவனியுங்கள். பொது நூலகத்தின் வாசிப்பு அறையில் உட்கார்ந்து பத்திரிகை படிப்பதற்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. ஏன் வந்தீர்கள், எங்கிருந்து வந்தீர்கள் என்று விசாரிக்கப்படுவதும் இல்லை. பிள்ளையின் விடுபட்ட பாடங்களும், அரசாங்க வேலை அறிவித்தல்களும், வர்த்தமானியில் வரும் காணி அறிவித்தல்களும், அயலவரின் மொழியைக் கற்கும் வழியும் அங்கே ஒரே கூரையின் கீழ் கிடைக்கலாம். ஆகவே வீடு கட்டும் வேலைகளுக்கு இடையிலேயே அங்கே ஒருமுறை போய்வருவது பயன் தரும்.

நூலகம் யாருடையது?

இலங்கையில் பொது நூலகங்களை நடத்துவது உள்ளூராட்சி மன்றங்களே. மாநகரங்களில் மாநகர சபையும், நகரங்களில் நகர சபையும், கிராமப்புறங்களில் பிரதேச சபையும் இதற்குப் பொறுப்பு. பிரதேச சபைகள் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்தவை. நாவுல பிரதேசத்தில் இருப்பவர்களுக்கு இது நாவுல பிரதேச சபையின் பொறுப்பு. மாத்தளை நகருக்கும் தம்புள்ளைக்கும் தனித்தனி மாநகர சபைகள் உள்ளன. கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை, நாட்டின் நூலகங்களுக்கு வழிகாட்டலும் பயிற்சியும் வழங்குகிறது. ஆனால் உங்கள் ஊர் நூலகத்துக்கு எத்தனை புத்தகம், எந்த மொழியில் வாங்குவது என்ற முடிவு பெரும்பாலும் உங்கள் பிரதேச சபையின் கையில்தான் இருக்கிறது.

சபையின் பணம் மக்களின் பணம். நீங்கள் கடையில் சவர்க்காரம் வாங்கினாலும், பஸ்ஸில் ஏறினாலும் ஏதோவொரு வரி செலுத்துகிறீர்கள். எனவே நூலகத்துக்குள் போகும்போது யாரோ தரும் உதவியைப் பெறப் போவதாக எண்ண வேண்டாம். உங்கள் பங்கு ஏற்கனவே அங்கே இருக்கிறது.

பொது நூலகம் பற்றிய யுனெஸ்கோ பிரகடனம் 1949 இல் முதன்முதலாக வெளியிடப்பட்டது. 1994 இல் புதுப்பிக்கப்பட்ட அப்பிரகடனம், வயது, இனம், மதம், மொழி, சமூக நிலை என்ற வேறுபாடின்றி நூலகம் எல்லோருக்கும் சேவை செய்ய வேண்டும் என்கிறது. மொழிச் சிறுபான்மையினர் போன்று வழமையான சேவையைப் பயன்படுத்த முடியாதவர்களுக்குத் தனி ஏற்பாடு வேண்டும் என்பதையும் அது எடுத்துக் கூறுகிறது.

அங்கத்தவராவது எப்படி?

புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்ல அங்கத்துவம் வேண்டும். விதிகள் சபைக்குச் சபை சிறிது வேறுபடும். பொதுவான ஒழுங்கு இதுதான்:

1. நூலகத்தில் விண்ணப்பப் படிவத்தைப் பெறுங்கள். சிறுவருக்கும் வளர்ந்தோருக்கும் படிவம் வேறாக இருக்கலாம்.
2. தேசிய அடையாள அட்டையின் பிரதியையும் வசிப்பிடத்தை உறுதிப்படுத்தும் கிராம உத்தியோகத்தரின் சான்றையும் கொண்டுசெல்லுங்கள். பிள்ளைகளுக்குப் பெற்றோர் அல்லது பாடசாலை அதிபரின் கையொப்பம் கேட்கப்படலாம்.
3. பிணையாளி ஒருவரின் கையொப்பம் தேவையா என்று கேளுங்கள்.
4. அங்கத்துவக் கட்டணம் எவ்வளவு, ஒரு தடவைக்கு எத்தனை புத்தகம், எத்தனை நாள், பிந்தினால் தண்டப்பணம் எவ்வளவு என்பவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்த குடும்பங்கள் மூன்றாவது படியில்தான் நின்றுவிடுகின்றன. நீண்ட காலம் வேறு மாவட்டத்தில் இருந்துவிட்டு வந்தவருக்குப் பிணை நிற்க யார் இருக்கிறார்கள்? வெட்கப்பட்டுத் திரும்பிவிட வேண்டாம். பிள்ளையின் வகுப்பாசிரியரிடமோ அதிபரிடமோ கேட்கலாம். தொழில் செய்யும் இடத்தின் உரிமையாளரிடம் கேட்கலாம். யாரும் இல்லாவிட்டால் நிலைமையை நூலகரிடம் நேரடியாகச் சொல்லுங்கள். அங்கத்துவம் கிடைக்கும் வரை வாசிப்பு அறையைப் பயன்படுத்துங்கள்.

எழுத்துத் தெரியாவிட்டாலும் இலக்கம் தெரியும்

நாவுலையில் பெரும்பான்மையோர் சிங்களம் பேசுவோர். அலுமாரிகளின் பெயர்ப்பலகைகள் சிங்களத்தில் மட்டும் இருந்தால் தடுமாற்றம் வரும். இதற்கு ஓர் எளிய வழி உண்டு. இலங்கைப் பொது நூலகங்களில் பெரும்பாலும் தூயி தசாம்சப் பகுப்பு முறையே பயன்படுகிறது. அமெரிக்க நூலகரான மெல்வில் தூயி 1876 இல் வெளியிட்ட இம்முறையில் ஒவ்வொரு துறைக்கும் ஓர் இலக்கம் உண்டு. அந்த இலக்கம் எல்லா மொழி நூல்களுக்கும் ஒன்றே. புத்தகத்தின் முதுகில் ஒட்டிய சிறு தாளில் அதைக் காணலாம்.

இவற்றை நினைவில் வைத்திருங்கள்:

340 – சட்டம்
370 – கல்வி
510 – கணிதம்
610 – மருத்துவம், சுகாதாரம்
630 – விவசாயம், கால்நடை வளர்ப்பு
640 – சமையல், வீட்டுப் பராமரிப்பு
690 – கட்டட வேலை
894.811 – தமிழ் இலக்கியம்

மிளகுக் கொடிக்கு நோய் வந்தால் 630 இலக்க அலுமாரிக்குப் போங்கள். தமிழில் ஒன்றும் இல்லாவிட்டாலும், படங்களுள்ள சிங்கள நூலொன்றை எடுத்து, மொழி தெரிந்த பிள்ளையையோ அயலவரையோ வாசித்துச் சொல்லச் சொல்லலாம்.

உசாத்துணைப் பகுதியும் வர்த்தமானியும்

வீட்டுக்குக் கொடுக்காத நூல்களை வைத்திருக்கும் இடம் உசாத்துணைப் பகுதி. அகராதிகள், சட்ட நூல்கள், அரச அறிக்கைகள் போன்றவை இங்கே இருக்கும். வர்த்தமானியையும் இங்கே கேட்டுப் பாருங்கள். இது வழமையாக வெள்ளிக்கிழமைகளில் மூன்று மொழிகளிலும் வெளியாகும். அரச வேலைவாய்ப்பு, போட்டிப் பரீட்சை விண்ணப்பம், காணி சுவீகரிப்பு ஆகியவை பற்றிய அறிவித்தல்கள் அதில் வரும். இவற்றுக்கெல்லாம் கடைசித் திகதி உண்டு. இடம்பெயர்ந்திருந்த காலத்தில் பலர் உரிமையை இழந்தது தகுதி இல்லாததால் அல்ல, திகதி தெரியாததால்தான். கிழமைக்கு ஒரு தடவை வீட்டில் ஒருவர் போய்ப் பார்த்துவருவதை வழக்கமாக்குங்கள்.

பிள்ளையின் விடுபட்ட படிப்பு

பாடசாலை மாறும் பிள்ளை இரண்டு விடயங்களை இழக்கிறது. ஒன்று, படிக்காமல் போன பாடம். மற்றது, அமைதியாக உட்கார்ந்து படிக்கும் இடம். தற்காலிகக் கொட்டிலில் இரண்டாவதைத் தருவது கடினம். நூலகத்தில் ஒரு மேசையும் கதிரையும் வெளிச்சமும் இருக்கின்றன.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில், க.பொ.த. சாதாரண தரம், உயர்தரம் ஆகியவற்றின் கடந்தகால வினாத்தாள்கள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். கணினி வசதி இருந்தால், கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளத்தில் தமிழ் மொழிமூலப் பாடங்களைப் பார்க்கலாம். கிராமங்களில் கணினி அறிவைப் பரப்ப அரசு தொடங்கிய நெனசல நிலையங்களில் சில நூலகங்களோடு இணைந்தே அமைந்தவை. அத்திட்டத்தின் நூலகப் பிரிவுக்கு 2014 இல் கேட்ஸ் மன்றத்தின் சர்வதேச விருது கிடைத்தது. உங்கள் அயலில் அப்படி ஒரு நிலையம் இயங்குகிறதா என்று விசாரியுங்கள்.

கையில் திறன்பேசி இருந்தால் இன்னொரு நூலகமும் உங்களுடையது. 2005 இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணைய நூலகம், இலங்கைத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் படியெடுத்து இலவசமாகத் தருகிறது. மலையக எழுத்தாளர்களின் நூல்களையும் அதில் தேடலாம்.

இரண்டு மொழிகளுக்கு ஒரு மேசை

வன்னியில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்குச் சிங்களம் புதிது. கடையிலும் பஸ்ஸிலும் வைத்தியசாலையிலும் அது வேண்டும். நூலகத்தின் சிறுவர் பகுதியில் உள்ள படக்கதைப் புத்தகங்கள் இதற்கு நல்ல ஆசிரியர். பெரியவர்களும் அங்கிருந்தே தொடங்கலாம். பெரிய எழுத்து, சிறிய வாக்கியம், பக்கத்தில் படம். எழுத்துக்கூட்டப் பழக இதைவிட எளிய வழி குறைவு.

அயலவரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1977, 1983 வன்செயல்களின்போது மலையகத்திலிருந்து பல குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போயின. பின்னர் மொரகஹகந்த நீர்த்தேக்கத்துக்காக இப்பகுதியின் சிங்களக் கிராமத்தவர்களும் தங்கள் வீடுகளையும் வயல்களையும் விட்டு இடம் மாறினார்கள். காரணங்கள் வேறு. ஆனால் வீட்டு வாசலை இழப்பது என்ன என்பது இரு பக்கத்தாருக்கும் தெரியும். வாசிப்பு அறையில் ஒரே பத்திரிகை மேசையில் உட்காரும்போது பேச்சு அங்கிருந்து தொடங்கலாம்.

தமிழ் நூல் இல்லையென்றால்

இதுதான் இப்பாடத்தின் முக்கிய பகுதி. நூலகர் புத்தகம் தெரிவு செய்யும்போது அங்கத்தவர் பதிவேட்டையும் இரவல் கணக்கையும் பார்க்கிறார். அந்தப் பதிவேட்டில் தமிழ்ப் பெயர்கள் இல்லாவிட்டால், தமிழ் நூல் வாங்கச் சபையிடம் பணம் கேட்க அவரிடம் ஆதாரம் இல்லை. நூல் இல்லை என்று நாம் போவதில்லை. நாம் போவதில்லை என்று நூல் வருவதில்லை. இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு பக்கத்தில் யாராவது தொடங்க வேண்டும். பத்துக் குடும்பங்கள் அங்கத்துவம் எடுத்து, எழுத்தில் ஒரு கோரிக்கை கொடுத்தால் நூலகரின் கை பலப்படும்.

மாத்தளை மாவட்டத்தில் நிருவாக மொழி சிங்களம். ஆயினும் 1987 இன் 13 ஆம் திருத்தம் முதல் தமிழும் அரசகரும மொழியே. உள்ளூராட்சி அதிகாரிக்குத் தமிழில் எழுதவும் பதில் பெறவும் அரசியலமைப்பு உங்களுக்கு உரிமை தருகிறது. சபையின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குவதால், அடுத்த ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டம் தயாராகும் முன்னரே கடிதம் போய்ச் சேர வேண்டும். ஒக்டோபர் மாதம் தேசிய வாசிப்பு மாதம்; அதற்கு முன் கொடுப்பது நல்லது.

மாதிரிக் கடிதம்:

*நூலகர் ஊடாக,*
*செயலாளர், பிரதேச சபை, நாவுல.*
*தமிழ் நூல்கள் பெற்றுத்தரக் கோரல்*
*நாம் கீழே கையொப்பமிட்டுள்ள ....... குடும்பத்தினர், மீளக் குடியேறி இப்பிரதேசத்தில் வசிக்கிறோம். எமது பிள்ளைகள் ....... பேர் தமிழ் மொழிமூலம் கற்கின்றனர். பொது நூலகத்தில் சிறுவர் நூல்கள், கடந்தகால வினாத்தாள்கள், ஒரு தமிழ் நாளிதழ், விவசாயம் பற்றிய நூல்கள் ஆகியவற்றைத் தமிழில் பெற்றுத் தருமாறு தயவாகக் கேட்டுக்கொள்கிறோம். எமது அங்கத்துவ இலக்கங்கள் இணைக்கப்பட்டுள்ளன.*

ஒரு பிரதியில் கிடைத்த திகதியும் முத்திரையும் இட்டுப் பெற்று வைத்திருங்கள். வீடு நூலகத்துக்குத் தூரமாயின், நடமாடும் சேவையையோ பாடசாலைக்கு ஒரு புத்தகப் பெட்டியையோ அதே கடிதத்தில் கேட்கலாம்.

ஒரே வீதியில் இரண்டு நூலகங்கள்

நீங்கள் திரும்பி வந்த ஏ-9 வீதி நூலகங்களின் கதையும் கொண்டது. நாவுலைக்குத் தெற்கே, மாத்தளைக்கு அருகில் அலுவிகாரை இருக்கிறது. கி.மு. முதலாம் நூற்றாண்டில் பௌத்த மறைநூல்கள் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்ட இடம் அது. 1848 மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது அங்கிருந்த ஏடுகள் அழிந்தன. வீதியின் வடமுனையில் யாழ்ப்பாணம். 1933 இல் செல்லப்பா என்பவர் தன் வீட்டிலிருந்து நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். மறு ஆண்டில் அது ஒரு வாடகை அறைக்கு மாறியது. பின்னர் 1959 இல் பெரிய கட்டடமாக எழுந்தது. 1981 இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்தது. இன்று மீண்டும் திறந்திருக்கிறது.

இரண்டு இடங்களிலும் அழிந்தவற்றில் பல திரும்பி வரவில்லை. ஆனால் அலுவிகாரையில் துறவிகள் ஏடெழுதும் பணியை மீண்டும் தொடர்ந்தார்கள். யாழ்ப்பாணத்தில் மாணவர்கள் இன்று மேசைகளில் இருந்து படிக்கிறார்கள். கட்டடத்தை அரசு எழுப்பலாம். அதை நூலகமாக வைத்திருப்பது கதவைத் திறந்து உள்ளே வரும் மனிதர்கள்தான்.

கலந்துரையாடுங்கள்

1. உங்கள் வீட்டில் யார் யாருக்கு நூலக அங்கத்துவம் வேண்டும்? பிணையாளியாக யாரைக் கேட்கலாம்?
2. இந்த மாதம் உங்கள் குடும்பத்துக்கு மிகத் தேவையான தகவல் எது? அதை எந்தப் பகுதியில் தேடுவீர்கள்?
3. எழுத வாசிக்கத் தெரியாத மூத்தோர் நூலகத்தால் என்ன பயன் பெறலாம்?

இந்தக் கிழமை செய்ய வேண்டியது

ஒரு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போங்கள். திறக்கும் நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, ஒரு விண்ணப்பப் படிவத்தோடு வீடு திரும்புங்கள். அடுத்த கூட்டத்துக்கு அப்படிவத்தைக் கொண்டுவந்தால், நிரப்புவதற்கு எமது கள உத்தியோகத்தர் உதவுவார்.