கூரை என்ன கூரை?

ஹோம் தியேட்டர் பூட்டப் போகிறேன், எந்த ரிசீவர் எடுக்கட்டும் என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது "கூரை என்ன கூரை?" என்றுதான். கேட்டவர் சிரிப்பார். பண்டாரவளையில் ஐப்பசி மழை பின்னேரம் நாலு மணிக்குத் தகரத்தில் இறங்கும்போது டீவி பார்த்தவர் சிரிக்க மாட்டார். அந்த நேரத்தில் படத்தில் வாய் அசையும், வசனம் வராது.

ஹோம் தியேட்டர் ஆசை எனக்குத் தோட்டத்து லய வீட்டில் பிடித்தது. கரண்ட் வராத காலம். டீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, கார் பேட்டரியில் கொடுத்து, இஸ்தோப்பில் வைத்து விடிய விடியப் படம் போடுவார்கள். ஒரே ஒரு சின்ன ஸ்பீக்கர், எதிரே நாற்பது பேர். பின்னால் உட்கார்ந்தவனுக்குப் பாட்டு கேட்கும், பேச்சு கேட்காது. சம்பாதித்தால் பேச்சு கேட்கிற மாதிரி ஒன்று வாங்குவேன் என்று அப்போதே நினைத்தேன்.

சம்பாதித்து முதலில் வாங்கியது ஜப்பானில் பாவித்த ரிசீவர். "தம்பி, ஜப்பான் சாமான், இருபது வருசம் ஓடும்" என்றார் கடைக்காரர். என்னிடம் ஓடியது பதினோரு நாள். பின்பக்கத்தில், ஸ்பீக்கர் வயர் மாட்டுகிற இடத்துக்குக் கீழே, நகக்கண் அளவு எழுத்தில் 100 வோல்ட் என்று இருந்தது. நமக்கு வருவது 230. கூடவே தந்த டிரான்ஸ்போமர் வழியாகத்தான் ஓட்டினேன். பன்னிரண்டாம் நாள் மாமா பையன் வீட்டைக் கூட்டிப் பெருக்கிவிட்டு, ப்ளக்கை நேரே சுவரில் மாட்டிவிட்டான். 'டப்' என்று ஒரு சத்தம், பிறகு கருகிய வெங்காயம் மாதிரி ஒரு வாடை. அவ்வளவுதான்.

அதற்காக ஜப்பான் சாமானே வேண்டாம் என்று சொல்லவில்லை. விலைக்கு அது நல்ல பெட்டிதான். டிரான்ஸ்போமர் 100 வோல்ட் தருகிறதா என்று பாருங்கள். கடைகளில் அதிகம் கிடைப்பது 110. நடுச்சாமத்தில் லைனில் வோல்ட் ஏறினால் அதுவும் சேர்ந்து ஏறி 120ஐத் தொடப் பார்க்கும். பெட்டியின் பின்னால் எத்தனை வாட்ஸ் இழுக்கும் என்று போட்டிருக்கிறதோ, அதைப்போல் இரண்டு மடங்கு தாங்குகிற டிரான்ஸ்போமர் எடுப்பது என் கணக்கு. பிறகு அந்த ப்ளக்கை டேப் சுற்றி டிரான்ஸ்போமரோடு கட்டிவிடுங்கள், மாமா பையன்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். ரேடியோ ஆசையை மட்டும் விட்டுவிட வேண்டும். ஜப்பானில் எஃப்எம் 76 மெகாஹேர்ட்ஸில் தொடங்குகிறது, பழைய பெட்டிகள் 90இல் நின்றுவிடும். நம் நிலையங்கள் 88க்கும் 108க்கும் இடையில்.

இரண்டாவது ரிசீவரைப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் புதிதாக வாங்கி, பொடி மெனிக்கே ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அதை வாங்கும்போது கற்றது வாட்ஸ் கணக்கு. அட்டையில் பெரிய எழுத்தில் 150 என்று இருக்கும். கீழே பொடி எழுத்தைப் படித்தால் ஒரு சனல் மட்டும், 6 ஓம், 1 கிலோஹேர்ட்ஸ், 10 வீதத் திரிபு. ஒரே ஒரு ஸ்பீக்கரை, ஒரே ஒரு சுருதியில், காது கூசும் வரை கத்தவிட்டு எடுத்த கணக்கு அது. நாம் தேட வேண்டிய வரி வேறு: இரண்டு சனல், 8 ஓம், 20 ஹேர்ட்ஸ் முதல் 20 கிலோஹேர்ட்ஸ் வரை, திரிபு 0.1 வீதத்துக்குக் கீழே. அந்த வரியில் 70 அல்லது 80 இருந்தால் பன்னிரண்டுக்குப் பதினாலு அடி அறைக்குத் தாராளம். வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான், அதற்குக் காசை இரட்டிப்பாகக் கொடுப்பது வீண்.

தகரத்துக்கு வருகிறேன். மழையில் வால்யூமைக் கூட்டினால் முதலில் கூடுவது குண்டுச் சத்தம். பக்கத்து வீட்டுச் சுவரும் நம் சுவரும் ஒன்றென்றால் சப்வூஃபர் அவர்கள் வீட்டுப் பாத்திரத்தில்தான் பாடும். வசனம் வருவது நடு ஸ்பீக்கரில். அதை மட்டும் 3, 4 டெசிபல் ஏற்றி, ராத்திரிக்கென்று இருக்கிற முறையையும் போட்டால் வெடிச்சத்தம் அடங்கி, முணுமுணுப்பு மேலே வரும். இந்த இரண்டும் அநேகமாக எல்லா ரிசீவரிலும் இருக்கும், எங்கே இருக்கின்றன என்பதில்தான் வித்தியாசம். ரிமோட்டிலேயே பொத்தான் இருக்கிறதா, மெனுவுக்குள் ஐந்தாறு படி இறங்க வேண்டுமா? கடையில் சண்டைக் காட்சி போட்டுக் காட்டுவார்கள். அதை நிறுத்தச் சொல்லிவிட்டு, "நடு ஸ்பீக்கரை மட்டும் கூட்டிக் காட்டுங்க அண்ணே" என்று கேளுங்கள். தடுமாறினால் அந்த மாடலை விட்டுவிடலாம். யமஹாவில் 'டயலொக் லெவல்' என்று தனியாகவே ஒன்று வைத்திருக்கிறார்கள்.

அட்மோஸ் வேண்டுமா என்பார்கள். 2012இல் 'சிவாஜி' 3டியில் வந்தபோதே தமிழ்ப் படத்துக்கு அட்மோஸ் வந்தாயிற்று. ஆனால் தலைக்கு மேலிருந்து சத்தம் வர, கூரையில் ஸ்பீக்கர் பதிக்க வேண்டும், இல்லையென்றால் மேல்நோக்கிய ஸ்பீக்கரின் சத்தம் சமதளமான சீலிங்கில் பட்டுத் திரும்ப வேண்டும். சரிந்த தகரத்தில் என்ன திரும்பும்? 5.1 போதும். மிச்சக் காசை நடு ஸ்பீக்கரில் போடுங்கள். பழைய ரிசீவரில் எச்டிசிபி 2.2 என்கிற நகல்தடுப்பு முறை இல்லையென்றால், அந்தப் பூட்டுப் போட்ட 4கே படம் அதன் வழியாக 4கேயாகப் போகாது, திரை கறுப்பாகவே நிற்கவும் கூடும். படம் தருகிற பெட்டிகளை நேரே டீவியில் மாட்டி, ஆர்க் என்று எழுதிய எச்டிஎம்ஐ துளை வழியாகச் சத்தத்தை மட்டும் ரிசீவருக்குக் கொண்டுவந்தால் அந்தப் பிரச்சினையே இல்லை. ஆகவே பழையது வாங்குபவர் இந்த விஷயத்தில் டீவியிலும் ரிசீவரிலும் ஆர்க் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

இடி விஷயம் தனி. 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டியபோது, கரண்ட் திரும்பி வருகிற அந்த நொடிக்குப் பயந்து ப்ளக்கைக் கழற்றிப் பழகியிருந்தேன். அந்தத் தைரியத்தில் ஒரு சித்திரை மாத இடிக்கு ப்ளக்கை மட்டும் கழற்றிவிட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். மின்னல் டிஷ் வயரில் இறங்கி, டிஷ் பெட்டியைத் தாண்டி, எச்டிஎம்ஐ வயர் வழியாக ரிசீவரின் ஒரு துளையைத் தின்றுவிட்டது. இப்போது மேகம் கறுத்தால் முதலில் கழற்றுவது டிஷ் வயரை.

ரிசீவரோடு வரும் மைக்கை வைத்து அறையை அளக்கிற வேலையை மழை, ரயில், கோயில் லவுட்ஸ்பீக்கர் மூன்றும் இல்லாத நேரத்தில் செய்ய வேண்டும். மைக்கைக் கதிரையில் வைக்காதீர்கள், உட்கார்ந்தால் காது வருகிற உயரத்தில் நிறுத்துங்கள். அளந்து முடித்து அது சின்ன ஸ்பீக்கரைப் 'பெரிது' என்று எழுதியிருந்தால் 'சிறிது' என்று மாற்றி, 80 ஹேர்ட்ஸில் வெட்டிவிடுங்கள்.

இனி மிச்சம் சூடு. ரிசீவருக்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட வேண்டும். நம் ஊர்க் குளிருக்குப் பல்லியும் கரப்பானும் இளஞ்சூடு தேடி உள்ளே போகும், பின்பக்க இடுக்குகளை மெல்லிய வலையால் மூடியிருக்கிறேன். அம்மாதான் பிரச்சினை. டீவிக்குப் பின்னல் துணி போட்ட கை. "இந்தக் குளிர்ல வெறும் பெட்டியா கெடக்கே" என்று ரிசீவரின் மேலும் ஒன்றை விரித்தார். மூன்று தடவை எடுத்தேன், மூன்று தடவையும் திரும்ப வந்தது. கடைசியில் அந்தத் துணி சப்வூஃபருக்குப் போயிற்று. அதன்மேல் இப்போது ஒரு பூச்சாடியும் நிற்கிறது, சண்டைக் காட்சிக்கு மட்டும் அதைத் தூக்கி வைத்துவிடுகிறோம்.