குறைந்த செலவில் சிறிய கடல்நீர் மீன்தொட்டி

கடல்வாழ் உயிர்களை மாணவர் வகுப்பறையிலேயே கண்டறிய வேண்டும் என்னும் ஆவலால் பள்ளிகளிலும் பயிற்சி நிலையங்களிலும் கடல்நீர்த் தொட்டிகள் அமைக்கப்படுகின்றன. ஆயின் முதல் மாதத்திலேயே மீன்கள் மடிந்துவிட, தொட்டி வெறுமையாய் மூலையில் கிடப்பதும் உண்டு. பெரும்பாலும் இதற்குக் காரணம் பணக்குறைவன்று. நீர் பக்குவமடையுமுன் மீன்களை இட்டுவிடுவதேயாகும்.

தொட்டி

மிகச் சிறிய தொட்டியே சிக்கனமானது என்று கருதுதல் தவறு. நீர் குறைவாயின் அதன் வெப்பநிலையும் உவர்ப்பும் விரைவில் மாறும். 75 செ.மீ. நீளமும், 40 செ.மீ. அகலமும், 40 செ.மீ. உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டியில் 35 செ.மீ. உயரத்திற்கு நிரப்பினால் சுமார் 100 லிட்டர் கொள்ளும். தொடக்கத்திற்கு இது போதுமானது. நீரின் எடை மட்டும் 100 கிலோகிராமுக்கு மேற்படுமாதலால் உறுதியான மேசை வேண்டும். நேர்வெயில் படும் இடம் ஆகாது. செம்பு, பித்தளை, துத்தநாகம் பூசிய இரும்பு ஆகியவை நீரில் படலாகாது. உவர்நீரில் அரிக்கப்படும் இவ்வுலோகங்கள் உயிர்களுக்கு நஞ்சாகும்.

நீர்

கடலோரத்தில் உள்ளோர் இயற்கைக் கடல்நீரையே பயன்படுத்தலாம். ஹூக்ளி, கோதாவரி போன்ற ஆறுகளின் முகத்துவாரத்தருகிலும், பெருமழைக்குப் பின்னும் உவர்ப்பு மிகக் குறையும். அப்போது நீர் எடுத்தலாகாது. கொணர்ந்த நீரை மூடிய பிளாஸ்டிக் பீப்பாயில் இருளில் இரண்டு மூன்று வாரம் வைத்து, தெளிந்த நீரை மட்டும் ரப்பர் குழாயால் இறக்குக.

உள்நாட்டில் உள்ளோர் மீன்தொட்டிக்கென விற்கப்படும் கடலுப்புக் கலவையை லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம் கரைக்கலாம். சமையலுப்பு மட்டும் போதாது. கடல்நீரில் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் முதலியனவும் உள்ளன. ஹைட்ரோமீட்டரில் ஒப்படர்த்தி 1.023 முதல் 1.025 வரை இருத்தல் நன்று.

பக்குவப்படுத்தல்

மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய இரையிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. கடல்நீர் சற்றே காரத்தன்மை உடையதாதலால் இதன் நச்சுத்தன்மை அதில் மிகுகிறது. ஒருவகைப் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அதனை நைட்ரேட்டாகவும் மாற்றும். நைட்ரேட்டின் கேடு மிகக் குறைவு. புதிய தொட்டியில் இப்பாக்டீரியா போதிய அளவில் இரா; அவை பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகும்.

ஆகவே அடியில் கழுவிய மணலையும் கிளிஞ்சல் துண்டுகளையும் பரப்பி, காற்றுப் பம்பினால் இயங்கும் ஸ்பாஞ்சு வடிகட்டியை இரவும் பகலும் இயக்குக. கடல்நீரில் கரையும் பிராணவாயு நன்னீரைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாதலால் காற்றோட்டம் இன்றியமையாதது. பின்னர் நகத்தளவு இறால் தசையை நீரில் இடுக. அது அழுகுவதால் பிறக்கும் அம்மோனியாவே பாக்டீரியாவுக்கு உணவாகும். வாரம் இருமுறை சோதனைத் திரவங்களால் நீரைச் சோதிக்க வேண்டும். முதலில் அம்மோனியா உயர்ந்து தாழும்; அடுத்து நைட்ரைட் உயர்ந்து தாழும். இரண்டும் முற்றிலும் மறைந்தபின் நீரில் கால்பங்கை மாற்றுக. அதுவரை மீன் வாங்கலாகாது.

மீன்கள்

பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீன் இரண்டு போதும். இவற்றை இனப்பெருக்கம் செய்யும் முறைகளை மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியுள்ளது. இவை தொட்டி வாழ்வுக்குப் பழகியவை. பவளத்திட்டிலிருந்து பிடிக்க வேண்டுவதும் இல்லை. பவளம், கடற்குதிரை, கடல் அட்டை ஆகியவை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் 2001-இல் சேர்க்கப்பட்டன. அவற்றைச் சேகரித்தல் குற்றமாகும் என்பதை மாணவருக்கும் உணர்த்த வேண்டும்.

பராமரிப்பு

ஆவியாவது நீரே, உப்பு தொட்டியிலேயே தங்கும். எனவே கண்ணாடியில் ஒரு கோடு இட்டு, குறைந்த அளவுக்குக் குளோரின் நீங்கிய நன்னீரையே சேர்க்க வேண்டும். உவர்நீர் சேர்த்தால் உப்பு மிகும். இரண்டு நிமிடத்தில் உண்ணக்கூடிய இரையை மட்டும் நாளொன்றுக்கு இருமுறை இடுக. பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை அதே உவர்ப்புள்ள புதுநீரால் மாற்றுதல் வேண்டும்.

ஆசிரியர்கள் பக்குவப்படுத்தும் வாரங்களை வீண் காலமெனக் கருதற்க. ஒவ்வொரு சோதனையின் அளவையும் மாணவரைக் கொண்டே வரைபடத்தாளில் குறிக்கச் செய்யலாம். அம்மோனியாக் கோடு தாழ நைட்ரைட் கோடு எழுவதைத் தம் கையால் வரைந்த மாணவர், மீனை எப்போது இடலாம் என்பதைத் தாமே கூறுவர்.