ஐ.ஐ.டி. கனவா? ப்ளஸ் ஒன்னிலேயே தயாராகுங்கள்!

* ஐ.ஐ.டி.யில் சேர ஜே.இ.இ. மெயின், அட்வான்ஸ்டு என இரு நுழைவுத்தேர்வுகளை எழுத வேண்டும். மெயினில் முன்னிலை பெறும் சுமார் 2.5 லட்சம் பேரே அட்வான்ஸ்டு எழுத முடியும். அதுவும் அடுத்தடுத்த 2 ஆண்டுகளில் 2 முறைதான்.

* மெயின் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். அட்வான்ஸ்டு வினாத்தாள் ஆங்கிலம், இந்தியில் மட்டுமே. எனவே கலைச்சொற்களை ஆங்கிலத்திலும் படித்து வாருங்கள்.

* ப்ளஸ் டூ பொதுத்தேர்வில் அலட்சியம் வேண்டாம். 75 சதவீத மதிப்பெண் (எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 65) அல்லது உங்கள் போர்டில் முதல் 20 பர்சென்டைலுக்குள் இடம் தேவை.

* ஆதாரில் பெயர் 'எஸ்.கவிதா', மதிப்பெண் பட்டியலில் 'கவிதா எஸ்' என்றிருந்தால், இரண்டும் ஒன்றாக இருக்கும்படி இப்போதே திருத்துங்கள்.

* இடஒதுக்கீடு பெற பி.சி., எம்.பி.சி. மாணவர்கள் மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும்.

* இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனங்கள் (ஐசர்), சிறுசேரி சென்னை கணிதவியல் கழகம் ஆகியவற்றின் நுழைவுத்தேர்வுகளையும் எழுதுங்கள். அவையும் தரமான வாசல்களே!