இன்றைக்கா, நாளைக்கா?
பாரிஸ் தெருச் சந்தையில் கற்ற வியாபாரப் பாடம்



பெரிய கடைகள் வந்தால் சிறு வியாபாரியின் கதி என்ன என்ற கேள்வி நம் கூட்டங்களில் எழாத நாளில்லை. இப்போது செல்போனில் சொன்னால் பத்து நிமிடத்தில் பருப்பும் எண்ணெயும் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகின்றன. கவலை இன்னும் கூடிவிட்டது. இதற்கு விடை தேட வேண்டுமானால், நமக்கு முன்பே இந்த அடியை வாங்கிய ஒரு நாட்டைப் பார்ப்பது நல்லது.

பிரான்சில் 1963-ஆம் ஆண்டு ஜூன் மாதம், பாரிசுக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் கார்ஃபோர் நிறுவனம் அந்நாட்டின் முதல் ஹைப்பர் மார்க்கெட்டைத் திறந்தது. 2,500 சதுர மீட்டர் பரப்பு, அதாவது சுமார் 27,000 சதுர அடி. 12 பில் கவுண்டர்கள். 400 கார்கள் நிறுத்த இடம். அதன்பின் இத்தகைய கடைகள் மளமளவென்று பெருகின. சிறு வியாபாரிகள் தெருவில் இறங்கிப் போராடினர். அதன் பலனாக 1973-ல் ருவாயே சட்டம் என்று ஒரு சட்டம் வந்தது. ஊரின் அளவைப் பொறுத்து 1,000 அல்லது 1,500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடை திறக்க வேண்டுமானால், வியாபாரிகளின் பிரதிநிதிகளும் அமர்ந்துள்ள ஒரு குழுவிடம் அனுமதி பெற வேண்டும் என்பது அச்சட்டம். அப்படியும் பெரிய கடைகள் நிற்கவில்லை. அந்நாட்டின் உணவுப் பொருள் வியாபாரத்தில் பெரும்பங்கு அவர்கள் கைக்கே போனது.

இவ்வளவுக்குப் பிறகும் பாரிஸ் நகரில் திறந்தவெளித் தெருச் சந்தைகள் சுமார் 70 நடக்கின்றன. இது எப்படி முடிகிறது? ஐரோப்பியப் பயணம் சென்ற வியாபாரிகள் நாங்கள் ஐந்து பேர், மற்றவர்கள் ஈபிள் கோபுரம் பார்க்கப் போன ஒரு வியாழக்கிழமை காலையில், இதைப் பார்ப்பதற்காகவே பாஸ்டில் சந்தைக்குப் போனோம். லா சப்பல் பகுதியில் மளிகைக் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அன்பர் ஒருவர் மொழி உதவிக்குக் கூட வந்தார்.

சந்தை கூடும் விதம்

அகலமான சாலையின் நடுத்திட்டில் இந்தச் சந்தை வியாழனும் ஞாயிறும் கூடுகிறது. அடியில் சுரங்கத்துக்குள் ஒரு கால்வாய் ஓடுகிறது. தரையில் நிரந்தரமாகக் குழி அமைத்து, அதில் இரும்புக் கம்பங்களைச் செருகி, மேலே தார்ப்பாய் கட்டிவிடுகிறார்கள். காலை 7 மணிக்கு வியாபாரம் தொடங்குகிறது. பிற்பகலிலேயே முடிந்துவிடுகிறது. கடை முகப்பு ஒரு மீட்டருக்கு இவ்வளவு என்று வாடகை. நிரந்தர இடம் பெற்றவர்கள் ஒரு வகை. அன்றன்று காலியாகும் இடத்தைக் கேட்டு வாங்கி உட்காருகிறவர்கள் இன்னொரு வகை.

காய், பழம், மீன், கோழி, பாலாடைக்கட்டி, ரொட்டி, பூ என்று வரிசை நீண்டுகொண்டே போகிறது. கூவி விற்கிற சத்தம் நம் ஊர்ச் சந்தைக்குச் சற்றும் குறைந்ததல்ல. பெரியவர்கள் சக்கரம் வைத்த துணிப்பையை இழுத்துக்கொண்டு வருகிறார்கள்.

விலைப் பலகை

முதலில் எங்கள் கண்ணில் பட்டது சிறு பலகைகள். ஒவ்வொரு குவியலிலும் ஒன்று குத்தியிருக்கிறது. சரக்கின் பெயர், கிலோ விலை, எந்த நாட்டில் விளைந்தது, முதல் தரமா இரண்டாம் தரமா என்ற நான்கும் அதில் எழுதியிருக்கின்றன. விலையையும் விளைந்த இடத்தையும் எழுதி வைப்பது அங்கே சட்டக் கட்டாயம். ஆள் பார்த்து விலை சொல்லும் பேச்சுக்கு இடமில்லை. அவ்வூர் மொழியில் ஒரு வார்த்தை தெரியாத எங்களுக்கும், பக்கத்தில் நின்ற அவ்வூர் அம்மாளுக்கும் ஒரே விலைதான்.

தராசும் வாடிக்கையாளர் பக்கம் திரும்பியே இருக்கிறது. எடை, விலை, தொகை மூன்றும் அவர் கண்ணுக்குத் தெரிகின்றன. தராசின் மேல் பச்சை நிறத்தில் ஒரு ஸ்டிக்கர். பரிசோதனை செய்யப்பட்டது, இன்ன தேதி வரை செல்லும் என்பதற்கு அது அடையாளம். நமக்கும் தராசுக்கு முத்திரை உண்டு. அந்தச் சான்றிதழை வாடிக்கையாளர் பார்க்கும் இடத்தில் மாட்டியிருக்கிறோமா என்பதை அவரவர் கடையில் பார்த்துக்கொள்ளலாம்.

தொடக்கூடாத தக்காளி

எங்களில் ஒருவர் பழக்க தோஷத்தில் ஒரு தக்காளியை எடுத்து அமுக்கிப் பார்த்தார். கடைக்காரர் கடுகடுத்த குரலில் ஏதோ சொன்னார். யாழ்ப்பாணத்து அன்பர், "ஐயா, இஞ்ச நாங்கள் தொடக்கூடாது, அவர்தான் எடுத்துத் தருவார்" என்றார். எங்களுக்கு முகம் சிறுத்துவிட்டது. 'அவரே எடுத்துத் தந்தால் அழுகலைத் தள்ளிவிடுவாரே' என்று மனதுக்குள் நினைத்தோம்.

அதற்குப் பதில் பக்கத்து முலாம்பழக் கடையில் கிடைத்தது. ஒரு அம்மாள் இரண்டு பழம் கேட்டார். கடைக்காரர் உடனே எடுத்துக் கொடுக்கவில்லை. ஒரு கேள்வி கேட்டார். என்ன கேட்கிறார் என்று விசாரித்தோம். "இன்றைக்கா, நாளைக்கா எண்டு கேக்கிறார்" என்றார் அன்பர். ஒன்று இன்று மதியத்துக்கு, மற்றது ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு என்று அந்த அம்மாள் சொன்னார். கடைக்காரர் ஒவ்வொரு பழமாகக் கையில் ஏந்தி, கனம் பார்த்து, முகர்ந்து, நன்கு பழுத்ததில் ஒன்றும் சற்றுக் காயாக ஒன்றும் எடுத்துக் கொடுத்தார். இரண்டும் கலந்துவிடாமல் தனித்தனிக் காகிதப் பையில் போட்டார்.

பாலாடைக்கட்டிக் கடையிலும் இதே கேள்வியைக் கேட்டோம். வாங்குகிறவர் பழத்தைத் தொடாமல் இருக்கிறார் என்றால், விற்பவர் தனக்காகப் பார்த்து எடுப்பார் என்று நம்புகிறார். ஒரு முறை அழுகலைத் தள்ளிவிட்டால் அடுத்த வியாழக்கிழமை அந்த அம்மாள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். பெரிய கடையில் அடுக்கிவைத்த பழம் இந்தக் கேள்வியைக் கேட்காது. செல்போனில் வரும் பழமும் கேட்காது.

எங்கள் கடையில் நடந்தது

இதைப் பார்த்ததும் எங்களுக்குப் பழைய சம்பவம் ஒன்று நினைவுக்கு வந்து நெஞ்சை உறுத்தியது. எங்களிடம் இருபது ஆண்டுகளாகத் துவரம்பருப்பு வாங்கி வந்த வெளியூர் மளிகைக்காரர் ஒருவர் இருந்தார். ஒரு பருவத்தில் புதுப் பருப்பு வரத் தாமதமாயிற்று. கையில் இருந்த பழைய பருப்பை வழக்கம்போல் அனுப்பிவிட்டோம். அது வேக நேரம் எடுக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் யாருக்கு விற்கிறார் என்று கேட்கவும் இல்லை. ஒரு கல்யாண வீட்டுக்கு அவர் அந்தப் பருப்பைக் கொடுத்திருக்கிறார். பந்தி நேரத்தில் பருப்பு வேகவில்லை. ஊரார் முன்னிலையில் அவருக்குத் தலைகுனிவு. எங்களிடம் சண்டை போட அவர் வரவில்லை. பாக்கியைக் காசோலையாக அனுப்பி, கணக்கை முடித்துக்கொண்டார்.

அவரை எங்களிடமிருந்து பிரித்தது எந்தப் பெரிய கடையும் அல்ல. "எதற்கு வேண்டும்? எப்போது சமைக்கப் போகிறார்கள்?" என்று நாங்கள் கேட்காமல் விட்ட ஒரு கேள்விதான்.

மொத்த வியாபாரியின் பங்கு

சில்லறைக் கடைக்காரர் பலகையில் உண்மையை எழுத வேண்டுமானால், அவருக்குச் சரக்குக் கொடுப்பவர் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். பாரிஸ் சந்தைக்காரர்கள் பலர் கொள்முதல் செய்வது ருஞ்ஜீஸ் மொத்தச் சந்தையில். நகரின் நடுவே இருந்த பழைய சந்தையில் நெரிசல் தாங்காமல், 1969-ல் நகருக்குத் தெற்கே அதை மாற்றினார்கள். பரப்பு 234 ஹெக்டேர். கொத்தவால்சாவடி காய்கறி வியாபாரம் 1996-ல் கோயம்பேட்டுக்குப் போனதைப் பார்த்த நமக்கு இது புரியும். விளைந்த நாடும் தரமும் அங்கேயே பெட்டியில் குறிக்கப்பட்டு வருவதால்தான், தெருவில் விற்பவரால் தைரியமாகப் பலகை எழுத முடிகிறது.

நாம் செய்யக்கூடியவை

1. மூட்டையில் விற்கும் அரிசி, பருப்பு, மிளகாய், புளி ஒவ்வொன்றிலும் கிலோ விலையை எழுதி வைப்போம். எந்த ஊர்ச் சரக்கு, புதியதா பழையதா என்பதையும் எழுதுவோம்.

2. தராசை வாங்குபவர் பக்கம் திருப்பி வைப்போம். முத்திரைச் சான்றிதழை மறைக்காமல் மாட்டுவோம்.

3. கேட்டுக் கொடுப்போம். இட்லிக்கா சாப்பாட்டுக்கா? சாம்பாருக்கா கூட்டுக்கா? வீட்டுக்கா விசேஷத்துக்கா? கடைப் பையன்களுக்கும் இதைப் பழக்குவோம்.

4. மொத்த வியாபாரிகள், சரக்கின் குறையை மூட்டை ஏற்றுவதற்கு முன்பே சொல்வோம். குறைக்குத் தக்க விலையைக் குறைப்போம்.

5. கடை முன்னால் இருக்கும் இடத்தை நாமே சுத்தம் செய்வோம். பாஸ்டிலில் சந்தை முடிந்ததும் கம்பங்களைக் கழற்றி, நகராட்சி ஆட்கள் தண்ணீர் விட்டுக் கழுவுகிறார்கள். மாலையில் சந்தை நடந்த சுவடே தெரிவதில்லை. குடியிருப்பவர்கள் சந்தையைப் பொறுத்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கார்ஃபோர் 2010-ல் நம் நாட்டிலும் மொத்த விற்பனைக் கடை திறந்தது, 2014-ல் மூடிக்கொண்டு போனது. அப்போது நம்மில் பலர் மகிழ்ந்தோம். ஆனால் ஒருவர் போனால் வேறு உருவில் இன்னொருவர் வருகிறார். நியாயமான சட்டத்துக்காகச் சங்கம் போராடத்தான் வேண்டும். சட்டம் மட்டும் போதாது என்பதற்கு 1973-க்குப் பிந்திய பிரான்சே சாட்சி. மீதியை நம் கல்லாவுக்கு முன்னால் நாம்தான் செய்தாக வேண்டும்.

ஊர் திரும்பியதும் அந்த வெளியூர் மளிகைக்காரரை நேரில் போய்ப் பார்த்தோம். கடையை இப்போது அவர் மகன் நடத்துகிறார். நடந்த தவறை ஒப்புக்கொண்டோம். பெரியவர் காபி கொடுத்து உபசரித்தார். வியாபாரம் பற்றி எதுவும் பேசவில்லை. அடுத்த மாதம் மகனிடமிருந்து இரண்டு மூட்டை பருப்புக்கு மட்டும் ஆர்டர் வந்தது. எதற்கு வேண்டும் என்று கேட்ட பிறகே மூட்டையைக் கட்டினோம்.