எக்செல் விழுங்கிய 1

கேள்வி: √(அ² + 1) − அ என்ற சார்பில் அ = 10 கோடி என்று எக்செல்லில் போட்டேன். விடை 0 என்கிறது. எப்படி?

பதில்: 0 வரவே வராது. அ² + 1-இன் வர்க்கமூலம் எப்போதும் அ-வைவிடக் கொஞ்சமாவது பெரியது. உங்கள் சூத்திரம் சரிதான், இடம்தான் போதவில்லை. 10 கோடியின் வர்க்கம், 1-க்குப் பின் 16 சுழியங்கள். அதோடு 1 சேர்த்தால் 17 இலக்கமும் வேண்டும். எக்செல்லின் துல்லியமோ 15 இலக்கம் வரைதான். கூட்டும்போதே அந்த 1 காணாமல் போய்விடுகிறது. மூலம் எடுத்தால் மறுபடி அதே 10 கோடி, கழித்தால் 0.

சரியான விடை வர, உங்கள் சூத்திரத்தை √(அ² + 1) + அ என்பதால் பெருக்கி, அதாலேயே வகுங்கள். மேலே 1 மட்டும் மிஞ்சும்: 1 / (√(அ² + 1) + அ). கழித்தல் என்ற பேச்சே இல்லை, விடை 0.000000005. (பள்ளியில் பகுதியிலிருந்து மூலத்தை விரட்டினால் மதிப்பெண், இங்கே நாமே உள்ளே அனுப்புகிறோம்!) சந்தேகம் இருந்தால் அ = 100 போட்டுப் பாருங்கள். இரண்டு வடிவமும் 0.00499988 என்றே தரும்.

அ குறை எண்ணானால் மட்டும் பழைய வடிவத்தையே வைத்துக்கொள்ளுங்கள். அப்போது கழித்தல் புதியதன் பகுதிக்குள் வந்துவிடும். −10 கோடிக்கு 0-ஆல் வகுத்த பிழை என்று எக்செல் முரண்டு பிடிக்கும்.